வெள்ளைக் கொடி இல்லாத வீடு

லிந்துலை தாண்டி முதல் வளைவில் ஆட்டோவின் பின்சக்கரம் சேற்றில் சறுக்கியது. மதுரன் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து வண்டியை நிமிர்த்தினான். இடது பக்கம் பள்ளம். பள்ளம் முழுக்கத் தேயிலை. அதற்கும் கீழே எங்கோ ஆறு இரைந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டான்.

"தம்பி, சின்னராசா பேசுறேன். லொறி கெடைச்சிருச்சு. பொம்பளையாளுங்க எல்லாம் ஏறிட்டாங்க. எழவு வீடு டயகமையில எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

எழவு வீடு எந்தப் பக்கம் என்று அவன் எப்படிச் சொல்வான்? எழவே கிடையாது. காலையில் அவனே கட்டிவிட்ட பொய் அது.

"கங்காணியாரே, லொறிய எடுக்காதீங்க. நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க…"

"அட, நீ என்னப்பா கூச்சப்படுற? நம்ம மலையில கொழுந்து எடுக்குற புள்ளைக்குத் தகப்பன் தவறியிருக்காரு. ஒரு மாலை போடாம விட்டா நாங்கல்லாம் மனுசங்களா?"

மலை குறுக்கே வந்தது. லைன் அறுந்தது.

மதுரன் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். லொறி வந்து சேருவதற்குள் சிசிலியைப் பிடித்தாக வேண்டும். அவளைப் பிடித்து, காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊரே கூடி நிற்கும்போது அவள் உண்மையைத் தெரிந்துகொண்டால் கதை முடிந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் சொன்ன ஒரே நிபந்தனை இன்னும் அவன் காதில் இருந்தது. கஞ்சி குடிச்சாலும் இருந்துருவேன், அடிச்சாக்கூடத் திருப்பி அடிச்சிட்டு இருந்துருவேன், பொய் சொன்னீங்கன்னா மட்டும் அன்னைக்கே கெளம்பிருவேன். சொன்னால் செய்கிறவள் அவள்.

இத்தனைக்கும் அந்தப் பொய்யைச் சொன்னது அவளைச் சந்தோஷப்படுத்தத்தான்.

நாளை அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். கொழும்பில், வெள்ளவத்தைப் புடவைக் கடையில் இரண்டு பேரும் வேலைக்கு நின்ற காலத்தில் சிசிலி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கல்யாணம் முடிந்ததும் ஒரு தடவை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கல்யாணம் முடிந்தது. அவனுடைய அம்மா பூரணிக்கு உடம்பு முடியாமல் போக, இருவரும் வட்டகொடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் மலைக்குப் போனாள். அவன் ஆட்டோ ஓட்டினான். மடுவைப் பற்றி அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

ஆகவே இந்த ஆவணித் திருவிழாவுக்கு அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தான். தலவாக்கலையிலிருந்து வேன் கொண்டுபோகும் ஜூட்சனிடம் இரண்டு சீட் சொல்லி வைத்தான். பூரணி, மருமகளின் நல்ல சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து லயத்து வீட்டில் கொண்டுபோய் அயர்ன் பண்ணி வந்தாள். பை இப்போதும் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது.

லீவுதான் சிக்கல். கொழுந்து அள்ளிக்கொண்டு வரும் நேரம். இந்த மாதம் பயணம் என்று கேட்டால் தோட்டத்தில் சிரிப்பார்கள். சிசிலியே கேட்டால் ரகசியம் உடைந்துபோகும். மறு கேள்வி இல்லாமல் கிடைக்கிற லீவு ஒன்றுதான்: சாவு. யாரைச் சாகடிப்பது என்று யோசித்தபோது வழி சொன்னவள் பூரணிதான்.

"அதான் ஏற்கனவே செத்தவரு ஒருத்தரு இருக்காரே, ஒன் மாமனாரு. அவரு இன்னொரு தரம் செத்தா யாருக்குடா நட்டம்?"

அது சரியாகத்தான் பட்டது. மதுரன் மாமனாரைப் பார்த்ததில்லை. கொழும்பில் கல்யாணப் பேச்சை எடுத்தபோதே, அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள், டயகமையில் தனக்கு யாரும் இல்லை என்று சிசிலி சொல்லியிருந்தாள். சின்னராசாவோ புதுக் கங்காணி, போன மாதம்தான் கினிகத்தேனைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு எந்தக் குடும்பத்துக் கதையும் தெரியாது.

காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், மதுரன் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். மாமனார் டயகமையில் தவறிவிட்டார். சிசிலிக்கு இப்போது சொல்ல வேண்டாம். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு நானே வந்து பக்குவமாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறேன். சின்னராசா அவன் தோளைத் தட்டிச் சரி என்றார்.

அவர் ஒரு மணிநேரம்கூடத் தாங்கவில்லை. முதுகில் கூடை சுமந்து நிற்கிற பெண்ணிடம் சாவுச் செய்தியை மறைப்பது அந்த மலையில் பாவம். அப்படி மறைத்து, பிறகு எசகுபிசகான இடத்தில் கேள்விப்பட்டு, சரிவில் உருண்டவள் ஒருத்தி உண்டாம். அதனால் முதலில் இரண்டு பெண்கள் பின்னால் போய்க் கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றுவார்கள். கூடையை இறக்கி, ஆளை வரப்பில் உட்காரவைத்த பிறகுதான் விஷயம். யாராவது சும்மா வந்து கூடையைத் தொட்டாலே பெண்கள் நடுங்குவார்கள்.

சிசிலியின் கூடையையும் அப்படித்தான் இறக்கினார்கள். மதுரன் பெட்ரோல் அடித்துக்கொண்டு மலைக்கு வந்தபோது அங்கே கூடை மட்டும்தான் இருந்தது.

"அழவே இல்லப்பா," என்றார் சின்னராசா. "எப்பன்னு கேட்டுச்சு. நான், தெரியாது, ஒன் புருசன்தான் சொன்னான்னேன். என்னையே பாத்துச்சு. அப்பறம் இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக்கூட அவுக்காம, மேல ரோட்டுக்கு ஓடி அக்கரப்பத்தனை பஸ்ஸப் பிடிச்சிருச்சு."

அங்கேதான் மதுரனுக்குக் கணக்கு இடித்தது.

பத்து வருஷத்துக்கு முன்பே செத்துப் புதைத்த அப்பா மறுபடி செத்துவிட்டார் என்று யாராவது சொன்னால், மகள் என்ன செய்ய வேண்டும்? விளையாடுறீங்களா என்று கேட்க வேண்டும். புருஷனைப் பிடித்து உலுக்க வேண்டும். போன் எடுத்துத் திட்ட வேண்டும். இவள் எதையும் செய்யவில்லை. யாருமே இல்லாத ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய போன் லயத்தில், சாமிப் படத்துக்குக் கீழே, சார்ஜில் கிடந்தது.

வரும் வழியில், தலவாக்கலைச் சந்தியில் ஜூட்சனின் வேன் நின்றதை அவன் பார்த்தான். முகப்பில் மாதா படம், அதைச் சுற்றிப் பூமாலை. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஜெபமாலையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் இரண்டு சீட் மட்டும் காலியாக இருந்தது. ஜூட்சன் கையைக் காட்டினான். மதுரன் நிற்காமல் போனான். கொஞ்ச தூரம் போனதும் போன் வந்தது.

"எங்கப்பா பறக்குற? மத்தியானத்துக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

"நீங்க போங்க ஜூட்சன் அண்ணே."

"என்னது? நீதானே ஆத்துமப் பூசைக்குப் பேரெல்லாம் குடுத்த? சூசைரட்ணம்னு எழுதியே வச்சிட்டேன். அத என்ன செய்ய?"

"அதையும் நீங்களே பாத்துச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஆமாம், அது ஒன்று. மாமனாருக்கு மடுவில் ஒரு பூசை. அதுதான் அவன் ரகசியத்துக்குள் ஒளித்து வைத்த இன்னொரு ரகசியம். வருஷா வருஷம் நவம்பரில் இறந்தவர்களுக்காகக் கோயிலில் பூசை வைத்துப் பேர்களை வாசிப்பார்கள். சிசிலி தவறாமல் போய் அம்மா பேரைக் கொடுப்பாள். அப்பா பேரைக் கொடுத்ததில்லை. ஒரு தடவை அவனே ஞாபகப்படுத்தினான். அதுக்கு இன்னும் காலம் இருக்குங்க என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அப்பா மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். செத்தவரிடம் கோபம் எதற்கு, மடுவில் அதையும் தீர்த்து வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

அக்கரப்பத்தனையில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. போனில் சிக்னல் கோடு வந்ததும் மறுபடி சின்னராசா.

"தம்பி, லிந்துலை தாண்டிட்டோம். ரோட்டுல வெள்ளைக் கொடி ஒண்ணையும் காணோமே? சரியான ரோட்டுலதான் வர்றோமா?"

சாவு வீடு என்றால் சந்தியிலிருந்தே வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் வீடு வந்துவிடும். மதுரன் மழைச் சத்தத்தைக் காரணம் காட்டி, கேட்கவில்லை கேட்கவில்லை என்று கத்திவிட்டு போனை அணைத்தான். அடுத்த வளைவில்தான் தோன்றியது: அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். லொறி திரும்பியிருக்கும். ஆனால் தோட்டமே காறித் துப்பும். சிசிலி அந்த மலையில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நிற்பாள்? முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அப்புறம் மற்றவர்கள்.

டயகமை ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டி நின்றது. ஓட்டுகிறவன் பின்சீட்டில் காலை நீட்டி வடை தின்றுகொண்டிருந்தான். அழகுமுத்து என்று வண்டியின் கண்ணாடியிலேயே எழுதியிருந்தது. மதுரன் அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையாட்டினான்.

"படங்கு கட்டுன அக்காவா? இப்பத்தான் எறக்கிட்டு வர்றேன். மாசா மாசம் வர்ற அக்காதானே?"

மழை நின்றுவிட்ட மாதிரி இருந்தது மதுரனுக்கு.

"மாசா மாசமா?"

"ஆமாண்ணே. சம்பளம் போட்ட மறு கிழம. கைல பையோட வருவாங்க, பொழுது சாயுறதுக்குள்ள போயிருவாங்க. இன்னைக்கு என்னமோ கைய வீசிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய் வந்தாங்க." வடையை மென்றுகொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க யாரு, சொந்தமா?"

"சொந்தந்தான். அங்க யாரு இருக்கா?"

"ஒரு ஆம்பளையாளு. வெளிய வாசல்ல பாத்ததில்ல. கோயிலுக்குக் கீழ, பழைய லயத்துல கடைசி காம்பரா."

சம்பளம் போட்ட மறு வாரம் சிசிலி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு பிரஷர் கிளினிக் போகிறாள். அதாவது, போகிறேன் என்று சொல்கிறாள். ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எதுக்குங்க, நீங்க ஹயர் ஓடுங்க, எனக்கு பஸ் போதும் என்பாள். என்ன பொறுப்பான பொண்டாட்டி என்று அவன் அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறான்.

கோயில் வந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தான். கால் சேற்றில் புதைந்தது. பழைய லயம் ஒரு பக்கம் சாய்ந்து, தகரத்தில் கல் ஏற்றி வைத்து, புகை கக்கிக்கொண்டு நின்றது. கடைசி காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஆம்பிளைச் செருப்பு. பக்கத்தில் சிசிலியின் செருப்பு, ஒன்று கவிழ்ந்து.

தாழ்வாரத்துக் கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. மதுரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். காலரில் ஆட்டோ கிரீஸ் பட்ட கறை, இன்னும் போகாமல், அவனைத் திரும்பிப் பார்த்தது. போன வருஷம் காணாமல்போன அவனுடைய சட்டை. மாடு தின்றிருக்கும் என்று சொன்னாள் சிசிலி.

உள்ளே பேச்சுக் குரல். முதலில் ஒரு ஆணின் குரல், என்னவோ கேட்டது. பிறகு சிசிலி, மெதுவாக, அவன் இதுவரை கேட்டிராத ஒரு குழைவோடு, இந்தா, இன்னும் ஒரு வாய் என்றாள்.

அவன் கதவை ஓங்கி அறைந்தான்.

உள்ளே எல்லாம் அடங்கியது. தாழ்ப்பாள் விலகியது. சிசிலி கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் படங்கு நனைந்து தொங்கியது. கையில் கஞ்சி ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்து அவள் அதிரவில்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

"எப்பலேருந்து தெரியும் ஒங்களுக்கு?" என்றாள்.

"இப்பத்தான். ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தன் சொல்லித்தான் தெரியுது, என் பொண்டாட்டி மாசா மாசம் எங்க கிளினிக் போறான்னு."

அவள் புருவம் சுருங்கியது. "இப்பத்தானா? அப்ப காலையில கங்காணிகிட்ட எதுக்கு அப்படிச் சொல்லிவிட்டீங்க?"

"அத விடு. உள்ள யாரு?"

"மொதல்ல நீங்க சொல்லுங்க. எங்கப்பா செத்துட்டாருன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

அவன் வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம், அந்தக் கேள்வியின் முன்னால் தடுமாறியது. ஏனென்றால் அவள் கேட்டது கோபமாக இல்லை. பயமாக இருந்தது.

"யாரும் சொல்லல. பொய்தான். நான் சொன்னேன். லீவு எடுக்க." அவன் சேற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாளைக்கு நம்ம கல்யாண நாளு. ஒன்ன மடுவுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு, ஒனக்குச் சொல்லாம வேன்ல சீட்டுப் போட்டேன். துணிகூட அம்மா கட்டி வச்சிருக்கு, ஆட்டோவுல கெடக்கு. செத்தவரத்தானே சொல்றோம்னு…"

சிசிலி கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மடுவுக்கா?" என்றாள்.

"ஒங்கப்பா ஆத்துமாவுக்கு அங்க பூசைக்கும் சொல்லியிருக்கேன்."

அவள் பாய்ந்து எழுந்து அவன் வாயைப் பொத்தினாள். கஞ்சிக் கை அவன் மீசையெல்லாம் ஒட்டியது. "மெதுவாப் பேசுங்க," என்றாள். அவள் கண்ணில் இப்போதுதான் தண்ணீர் வந்தது. காலையிலிருந்து தேக்கி வைத்தது எல்லாம். "கெளம்பிருவேன்னு ஒங்களுக்குச் சட்டம் போட்டேன். பொய் சொன்னவ நாந்தாங்க. கொழும்புல, கல்யாணப் பேச்சு எடுத்தப்பவே."

அவன் அவள் கையை விலக்கி, என்ன பொய் என்று கேட்பதற்குள் மேலே கோயில் வளைவில் லொறியின் ஹார்ன் அடித்தது.

அழகுமுத்துதான் வழி காட்டியிருக்க வேண்டும். லொறியிலிருந்து பெண்கள் படங்கும் குடையுமாகக் குதித்தார்கள். சரிவில் இறங்கும்போதே முன்னால் வந்தவள் தொண்டையைத் திறந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு, கட்டிப்பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு, அத்தனை பேரும் சிசிலியை நோக்கி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் சின்னராசா, ஒரு மலர்வளையத்தை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி இறங்கினார். கொடியைத் தேடினார். பந்தலைத் தேடினார். அவர் நடை மெதுவாயிற்று.

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். அம்மாக்கண்ணு என்று சிசிலி அவளைக் கூப்பிட்டாள். அவள் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்தாள்.

"இங்க யாரும் சாகலம்மா. சத்தம் போடாதீங்க. பெரியவருக்கு ஞாபகம் நிக்கிறதில்ல, பயந்துருவாரு."

ஆனால் கதவு அதற்குள் முழுதாகத் திறந்துவிட்டது.

கம்பளித் தொப்பி, முழங்கால் வரைக்கும் மடித்துக் கட்டிய சாரம், ஒரு கை சுவரில். வெளுத்துப்போன கிழவர் ஒருவர். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். சுருக்கியபோது இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. அந்தப் புருவத்தை மதுரன் பத்து வருஷமாக, தினமும் காலையில் பக்கத்துத் தலையணையில் பார்த்து வருகிறான்.

அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது.

சின்னராசா மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னுக்கு வந்தார். "ஐயா, நாங்க வட்டகொடையிலேருந்து வர்றோம். எழவு வீடுன்னு சொன்னாங்க…"

"இந்த வீடுதான்," என்றார் கிழவர். குரலில் ஒரு ஆறுதல். "வாங்க, வாங்க. இம்புட்டு வருசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கலையேன்னு இருந்தேன். என் மகளுக்குத்தானே பூ கொண்டாந்திருக்கீங்க?"

கிழவர் மலர்வளையத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஒத்தப் புள்ள. வேற சாமி கும்புடுற பயலத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அந்த நவம்பர்ல, கோயில்ல செத்தவங்க பேரு வாசிக்கிறப்ப அவ பேரையும் நாந்தான் குடுத்தேன். சாமியாரு புதுசு. அவருக்கு என்ன தெரியும், வாசிச்சிட்டாரு. அவ பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அன்னைக்கு எறங்கிப் போனவதான்." கிழவர் தலையை மெல்ல ஆட்டினார். "செத்துத்தான் போயிட்டா. பூசையில வாசிச்சாச்சே."

பிறகு, மரியாதைக்குறைவாக எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்பது போல, படியில் நின்ற சிசிலியைக் காட்டினார். "இந்தப் புள்ள யாரு பெத்த புள்ளையோ. மாசா மாசம் வந்து எனக்குச் சோறு பொங்கித் தருது. என் மக இருந்தா இது வயசுதான் இருக்கும்."

சிசிலியின் விரல்கள் மதுரனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. நகம் பதிந்தது. அவன் அசையவில்லை.

சின்னராசா மலர்வளையத்தைக் கீழே இறக்கினார். சிசிலியைப் பார்த்தார். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் வாய் கேட்டுவிட்டது.

"ஒங்க மக பேரு என்னங்கய்யா?"

கிழவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். கோயிலில் பேர் கொடுக்க நிற்கிறவர் போல நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"சிசிலி."